உலை வைப்பவர்க்கு அவையில் ஓர் இடம்



ஊட்டச்சத்து குறித்து எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நான் ஒரே ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். அங்கன்வாடி, காலை உணவு, சத்துணவு, நியாயவிலைக் கடை, கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்துப் பெட்டகம் என்று நம் அரசு தரும் உணவு உதவிகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து ஆலோசனை சொல்ல ஒரு மாநில ஊட்டச்சத்து ஆலோசனைக் குழு வேண்டும். அது சட்டமன்றம் இயற்றும் சட்டத்தால் அமைய வேண்டும். சமைக்கிறவர்களும், குழந்தையை எடை போடுகிறவர்களும், தாய்மாரும் அதில் உறுப்பினர்களாக உட்கார வேண்டும். இன்று நான் பேசப் போவது முழுவதும் இதைப் பற்றித்தான்.

இந்த எண்ணம் எனக்குள் விழுந்த இடம் கொட்டாம்பட்டி. உலக வங்கிக் கடனுதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் கால் ஊன்றிய வட்டாரம் அது. மதுரை மாவட்டம். படிப்பை முடித்த கையோடு மேற்பார்வை வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கு தராசை மாட்டுவோம். கால்சட்டை போலத் தைத்த துணிக்குள் பிள்ளையை இறக்குவோம். பிள்ளை வீறிடும். முள் நிற்கும்வரை தாய் கையைத் தட்டிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருப்பாள். தொடர்ந்து எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். விதி அப்படி.

அந்த விதிக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருந்தது. தாய்ப்பாலோடு வேறு உணவு சேர்க்கத் தொடங்கும் வயதில்தான் குழந்தைகள் சரிகின்றன, பள்ளி வயதில் சோறு போடும்போது பாதி காரியம் கைமீறிப் போயிருக்கிறது என்பதை 1970-களில் இங்கே நடந்த விரிவான ஆய்வு காட்டியிருந்தது. வளர்ச்சி அட்டையைத் தாய்க்குப் புரியும்படி விளக்கிய முதல் பெரிய திட்டங்களில் இதுவும் ஒன்று. அதில் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

ஆனால் ஒரு நாள், இரண்டாவது முறையாகப் பட்டியலில் சேர்ந்த ஒரு பிள்ளையின் தாய் என்னைக் கேட்டார்: “பிள்ள தேறுச்சுன்னா உருண்டைய நிறுத்திப்புடுறீக டீச்சர். நிறுத்துனா மறுபடி இளைக்குது. இளைச்சாத்தான் உருண்டைன்னா, நான் பிள்ளைய இளைக்க விடவா?” எனக்குப் பதில் தெரியவில்லை. மாத அறிக்கையில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எத்தனை பேரை எடை போட்டோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று கட்டங்கள் இருந்தன. அந்தத் தாயின் கேள்வியை எழுத ஒரு கட்டமும் இல்லை. ஓரத்தில் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பின்னாளில் அந்தத் திட்டம் பற்றிய விவாதங்களில் இதே கேள்வி ஆங்கிலத்தில் எழுந்ததைப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுந்தபிறகு அது காதில் விழுந்தது.

நம் மாநிலத்தின் சோற்று வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைக் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கச் சொல்கிறேன். 1920-ல் பி. தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தர முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. மாணவர் எண்ணிக்கை ஏறியது. 1925-ல் கல்வி நிதியை இதற்குச் செலவிட ஆங்கில அரசு ஒப்பவில்லை, திட்டம் நின்றது. பிள்ளைகள் நின்றுபோனதைக் கண்ணால் பார்த்த ஆசிரியர்களிடம் எந்தக் கோட்டையும் கேட்டதாகத் தெரியவில்லை. 1956-ல் எட்டயபுரத்தில் காமராசர் மீண்டும் அடுப்பு மூட்டினார். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஊராரின் அரிசியையும் பணத்தையும் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது கஜானா தாங்காது என்று சொன்னவர்கள் பலர். அவர் கேட்கவில்லை. நல்லவேளை, கேட்கவில்லை.

பிறகு முட்டை வந்தது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-ல் வாரம் ஒன்று. அப்படியே ஏறி 2010-ல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து 31,000 பள்ளிகளுக்கு விரிந்தது. கட்சி எதுவாக இருந்தாலும் முன்னவர் மூட்டிய அடுப்பைப் பின்னவர் அணைக்கவில்லை. இந்தியாவில் இப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடிய மாநிலங்கள் அதிகம் இல்லை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றை. ஒவ்வொரு அடியும் ஒரு தலைவரின் மனத்திலிருந்து வந்து, அறிவிப்பாகி, அரசாணையாகி, கீழே இறங்கியிருக்கிறது. கீழிருந்து மேலே போன பாதை எது? எனக்குத் தெரிந்து, போராட்டப் பந்தல் ஒன்றுதான். சத்துணவு ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும் தங்கள் சம்பளத்துக்காக உட்காரும்போது, அடுப்படியில் இருக்கும் குறையையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைச் சம்பளக் கோரிக்கை என்ற கோப்பில் போட்டு மூடுகிறோம்.

மேலிருந்து வரும் பாதை மட்டும் போதாது என்பதற்கு எண்களே சாட்சி. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-ல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முந்தைய ஆய்வில் 27.1. உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 19.7-லிருந்து 14.6 ஆகக் குறைந்திருக்கிறார்கள். நல்ல செய்தி. ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் ரத்தசோகை 50.7 சதவீதத்திலிருந்து 57.4 ஆக ஏறியிருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள், சத்துமாவு, முட்டை, மாத்திரை எல்லாம் இருந்தும் இந்த நிலை.

ஏன்? இந்த ஒற்றை வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய மேசை கோட்டையில் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் குழந்தையின் வழியிலேயே போவோம். தாயின் வயிற்றில் இருக்கும்போது மகப்பேறு நிதியுதவியும் பெட்டகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையிலிருந்து வருகின்றன. சத்துமாவு சமூக நலத் துறையின் கீழுள்ள குழந்தை வளர்ச்சித் திட்டத்திலிருந்து. வீட்டு உலையில் கொதிக்கும் அரிசியும் பருப்பும் பாமாயிலும் கூட்டுறவு, உணவுத் துறையிலிருந்து. பள்ளிக்குப் போனால் காலையில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். மதியம் சத்துணவு மையம் சமைக்கிறது. குடற்புழு மாத்திரையும், வளரிளம் பருவத்தில் வாராந்திர இரும்புச் சத்து மாத்திரையும் சுகாதாரத் துறை தர, விழுங்க வைப்பவர் ஆசிரியர். சமையல் கூடமும் குழாயும் உள்ளாட்சியின் பொறுப்பு. இத்தனை கை ஒரு குழந்தைக்கு ஊட்டுகிறது. அவளுக்கு ரத்தம் ஏறவில்லை என்றால் எந்தக் கையைப் பிடித்துக் கேட்பது?

சமையல் அம்மாக்களிடம் கேட்டால் அவர்களுக்குப் பல விடைகள் தெரியும். மாத்திரை தந்த அன்று வயிறு புரட்டுகிறது என்று பிள்ளைகள் அதைக் கன்னத்தில் ஒதுக்கிப் போய்த் துப்புவது தெரியும். சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போனால் பெரியவர்களுக்கும் சேர்த்துப் பங்காவது தெரியும். சோற்றுக்குப் பின் உடனே டீ குடிக்கும் பழக்கம் மூன்று வயதிலேயே தொடங்குவது தெரியும். டீயில் உள்ள டானின் உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் முழுதாகச் சேரவிடாது என்ற காரணம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்த எனக்கோ, எந்த ஊரில் எந்த வயதுப் பிள்ளைக்கு டீ போகிறது என்று தெரியாது. இந்த இரண்டு அறிவும் ஒரே மேசையில் உட்கார இன்றுவரை வழி செய்யவில்லை. இந்தக் கல்லூரிப் பட்டங்களை எல்லாம் மதிக்கிறவள் நான். மதித்துக்கொண்டே சொல்கிறேன்: பாதி விடை அடுப்படியில் இருக்கிறது.

ஏற்கெனவே மாநில உணவு ஆணையம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 16-ஆம் பிரிவில் அதை அமைத்தது. தலைவர், ஐந்து உறுப்பினர்கள், ஓர் உறுப்பினர் செயலர். குறைந்தது இரண்டு பெண்கள், பட்டியல் இனத்தவர் ஒருவர், பழங்குடியினர் ஒருவர் இருக்க வேண்டும். சட்டம் செயல்படுவதைக் கண்காணிப்பது, உரிமை மறுக்கப்பட்டால் விசாரிப்பது, மாவட்டக் குறைதீர் அலுவலர் உத்தரவின் மேல் முறையீடு கேட்பது, அரசுக்கு ஆலோசனை சொல்வது எல்லாம் அதன் வேலை. உரிமையைக் காக்க இத்தகைய அமைப்பு அவசியம். 2001-ல் தொடங்கிய உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் செய்த வேலையின் பயனும் அதற்குள் இருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் இடமும் சேர்ந்து யோசிக்கும் இடமும் ஒன்றாக இருப்பது கடினம். வழக்கோடு வருபவர் அங்கே முறையீட்டாளர். நான் கேட்பது, அவரே உறுப்பினராக உட்காரும் இடத்தை. ஆணையம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் இது வேண்டும்.

இதற்கு உலகத்தில் நல்ல முன்மாதிரி பிரேசில். அங்கே தேசிய உணவு, ஊட்டச்சத்துப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று 1993-ல் தொடங்கியது. 1995-ல் கலைந்தது. 2003-ல் லூலா அதிபரானதும் மீண்டும் அமைத்தார். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு குடிமக்கள் அமைப்புகளிலிருந்து. மூன்றில் ஒரு பங்குதான் அரசு. தலைவர் பொறுப்பும் குடிமக்கள் பக்கத்துக்கு. சிறு விவசாயிகள், பழங்குடியினர், ஆப்பிரிக்க வம்சாவளியினர், ஊட்டச்சத்து வல்லுநர்கள் எல்லோரும் அமைச்சர்களோடு ஒரே மேசையில் பேசினார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் பொருள் வாங்க வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த மேசையில் நடந்த பேச்சும் காரணம். அடுத்த ஆண்டு உணவு உரிமை அரசியலமைப்பில் ஏறியது. 2014-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் நீங்கியது. உள்ளூர் அளவிலும் பள்ளி உணவுக் குழுக்கள் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் அதில் இருந்து பள்ளி உணவின் கணக்கைப் பார்ப்பார்கள்.

அந்தக் கதையில் நமக்கு எச்சரிக்கையும் இருக்கிறது. 2019 ஜனவரி 1-ஆம் தேதி புதிய அதிபர் பதவியேற்ற அன்றே அந்தத் தேசியக் குழுவை ஒரு கையெழுத்தில் முடக்கினார். நான்கு ஆண்டுகள் மேசை காலி. 2023-ல் லூலா திரும்பி வந்தபின்தான் அது மீண்டும் கூடியது. சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததற்கே இந்த கதி என்றால், வெறும் அரசாணையில் அமைக்கும் குழு எத்தனை நாள் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் சட்டமன்றச் சட்டம் என்று அழுத்திச் சொல்கிறேன். கலைக்க வேண்டுமானாலும் சட்டமன்றத்தில் எழுந்து காரணம் சொல்லிக் கலைக்கட்டும்.

வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டிய அவசியம்கூட நமக்கு இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-ல் நாம் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த நலவாரியங்களில் தொழிலாளர் பிரதிநிதியும் வேலை தருபவரும் அரசும் சேர்ந்து உட்காருகிறார்கள். 2008-ல் திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தபோது அவர்களையே உறுப்பினராக்கினோம். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் அமர்ந்து பேசுவது இந்த மண்ணின் நிர்வாகத்துக்குப் பழகிய காரியம். சோற்று விஷயத்தில் மட்டும் அதை விட்டுவிட்டோம்.

குழு எப்படி இருக்க வேண்டும் என்று என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். பாதிக்கு மேற்பட்ட இடம் அரசுக்கு வெளியே இருப்பவர்களுக்கு. அதில் சத்துணவுச் சமையலரும் அங்கன்வாடிப் பணியாளரும் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினரும் கட்டாயம். இவர்களை மேலதிகாரி நியமிக்கக் கூடாது. மாவட்ட அளவில் அவர்களே தேர்ந்தெடுத்து, சுழற்சி முறையில் வர வேண்டும். கூட்டத்துக்கு வரும் நாளில் வேலை பார்த்த நாளாகவே கணக்கு. பயணச் செலவு முன்பணமாக. சென்னைக்கு ஒரு சமையல் அம்மா வருவதென்றால் வீட்டில் யார் உலை வைப்பது என்பதிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் கூட்டங்களில் பாதி மாவட்டங்களில் நடக்கட்டும். பேச்சு தமிழில். கோப்பும் தமிழில்.

சமையலர் வெறும் அலங்கார உறுப்பினராக இருந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு சமையலர் சொந்த ஊர்ப் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அவருடைய பணியிடத்தையே மாற்றினார்கள், எதிர்ப்பு எழுந்தபிறகு அந்த மாற்றம் ரத்தானது, வழக்கும் பதிவானது. சமையலர் நியமனத்தில் பட்டியல் இனத்தவருக்கு முன்னுரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருந்தது. எந்தப் பள்ளியில் யார் சமைத்தால் எந்தப் பிள்ளைகள் தட்டை மூடுகிறார்கள் என்ற விவரம் நம் கணினிப் பதிவுகள் எதிலும் ஏறாது. தட்டு மூடப்பட்டால் சத்தும் போகாது. இதை ஊட்டச்சத்துக் கேள்வி என்று ஏற்கும் அவை ஒன்று வேண்டும். அந்த அம்மா அதில் எழுந்து பேச வேண்டும்.

மற்றொன்று, வாங்கும் பொருளை விற்கிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. மாவு, எண்ணெய், செறிவூட்டப்பட்ட அரிசி எதை விற்றாலும் சரி. கருத்தைக் கேட்கலாம், உறுப்பினராக்கக் கூடாது. செறிவூட்டப்பட்ட அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த அரிசி நியாயவிலைக் கடைக்கும் சத்துணவுக்கும் வரத் தொடங்கியது. நன்மை உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள், பருப்பும் கீரையும் முட்டையும் தராமல் இதைத் தருவது குறுக்குவழி என்பவர்களும் இருக்கிறார்கள். தாலசீமியா உள்ளவர்கள் இதை மருத்துவக் கண்காணிப்பில்தான் உண்ண வேண்டும், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் உண்ணக் கூடாது என்ற எச்சரிக்கை வாசகம் உறையில் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்லின; 2024-ல் அதை நீக்கினார்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் இருக்கிறது. எச்சரிக்கை இருந்தபோதும், அங்கே கூடலூர்ப் பக்கத்துப் பள்ளியில் தட்டில் விழும் சோற்றுக்கு உறை ஏது, வாசகம் ஏது? இப்படி ஒரு முடிவை எடுக்கும்முன் அந்த மக்களில் ஒருவரும், ரத்த நோய் மருத்துவர் ஒருவரும், சமைக்கிற ஒருவரும் சேர்ந்து பேசிய பதிவு இருக்க வேண்டாமா? அதே நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-ல் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். ஊருக்கேற்ற உணவு என்பதன் நல்ல தொடக்கம் அது. அது எப்படிப் போகிறது, வாங்கிய வீட்டில் களியானதா கூழானதா என்பதைக் கேட்டு அடுத்த மாவட்டத்துக்குச் சொல்வதும் இந்தக் குழுவின் வேலை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பதில் சொல்லும் கடமை. குழு எழுத்தில் தரும் ஒவ்வொரு ஆலோசனைக்கும் சம்பந்தப்பட்ட துறை 90 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்கலாம், மறுக்கலாம், மறுத்தால் காரணம் எழுத வேண்டும். ஆலோசனையும் பதிலும் ஒன்றாக அச்சாகி ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தேநீரும் முந்திரியும் வைத்துக் கூட்டம் போடுவதாகவே முடியும். 90 நாள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழந்தையைத் தேற்ற அன்று எங்களுக்குத் தரப்பட்ட அவகாசம் அதுதான்.

இன்னொரு குழுவா, ஏற்கெனவே உள்ள குழுக்கள் போதாதா என்று சலித்துக்கொள்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. கூடாமலே காலாவதியான குழுக்களில் நானும் பெயருக்கு உறுப்பினராக இருந்திருக்கிறேன். செலவைப் பொறுத்தவரை, தினமும் பல லட்சம் தட்டுகளில் விழும் சோற்றின் செலவோடு ஒப்பிட்டால் சில பத்துப் பேர் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் செலவு பொருட்டே அல்ல. அடுப்படியில் இருப்பவர்களுக்குக் கொள்கை புரியுமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1982-ல் வேலைக்கு வந்த பெண்களில் கணவனை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களும் ஏராளம். 100 கிராம், 150 கிராம் என்று பிள்ளைக்கு அளந்து தரும் அரிசியில், விலை ஏறும் காய்கறிக்கு ஏறாத உணவூட்டுச் செலவினத்தில், நாற்பது ஆண்டுகளாக அடுப்படியை நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். நிதி நிர்வாகம் அவர்களுக்குத் தெரியும்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சத்துணவு மையமும் ஓர் அங்கன்வாடியும் இருக்கும். ஒரு மதியம் போய் உட்கார்ந்து, அங்கே சமைப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எது மிஞ்சுகிறது, எது பற்றவில்லை, யாரிடம் சொன்னீர்கள்? அவர் சொல்வதை அப்படியே எழுதி, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். சமூக நலத் துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் விவாதத்துக்கு வருகிறது. அடுத்த விவாதத்தில் எழுந்து, மாநில ஊட்டச்சத்து ஆலோசனைக் குழுவுக்கான சட்ட முன்வடிவு எப்போது வரும் என்று கேட்கச் சொல்லுங்கள்.